மேமோகிராம், ஸ்கேன், ரிப்போர்ட்: பெண்கள் கேட்கும் சந்தேகங்கள்

மதுரைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் மேமோகிராம் எடுப்பது என் வேலை. படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர். ஆனால் கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வரும். டாக்டர் அறையில் வாயே திறக்காதவர்கள்கூட, உடை மாற்றும் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு மளமளவென்று கேட்டுவிடுவார்கள். அடிக்கடி வந்தவற்றை அவர்கள் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன். பதில்களை எங்கள் டாக்டர் படித்துச் சரிபார்த்துவிட்டார். உங்கள் படத்தைப் பார்த்த டாக்டர் வேறு ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

மேமோகிராம்னா என்ன சிஸ்டர்? ஸ்கேனும் எழுதியிருக்காங்க, ரெண்டும் ஒண்ணுதானே?

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கான எக்ஸ்ரே. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலிருந்து கீழாக ஒன்று, சாய்வாக ஒன்று என்று மொத்தம் நான்கு படம். நம் ஊரில் ஸ்கேன் என்று சொல்வது அல்ட்ராசவுண்ட், அதில் எக்ஸ்ரே கிடையாது, ஒலி அலைதான். கட்டிக்குள் இருப்பது நீரா, சதையா என்று ஸ்கேன் சொல்லிவிடும். பொடிப்பொடியான கால்சியத் துகள்களை மேமோகிராம்தான் காட்டும். ஒன்றில் தெரிவது மற்றதில் தெரியாமல் போகும் என்பதால்தான் இரண்டையும் எழுதுகிறார்கள். பில்லை ஏற்றுவதற்காக என்று நினைக்க வேண்டாம்.

எக்ஸ்ரேன்னா அதனாலயே கேன்சர் வந்துடாதா?

நான்கு படத்துக்கும் சேர்த்துக் கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவெர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கும்போதே நம் உடம்பில் படும் கதிர்வீச்சில் ஏழெட்டு வார அளவு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதனால் கிடைக்கும் பலனோடு ஒப்பிட்டால் ஆபத்து மிகச் சிறியது.

ஏன் இப்படிப் போட்டு அழுத்துறீங்க? உயிரே போகுது.

வலிக்கும், தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் சில விநாடிதான். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுவைப் பரப்பினால்தான் ஒளிந்திருப்பது தெரியும். அசைவால் படம் கலங்காது, கதிர்வீச்சும் குறைவாகப் போதும். மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம் வந்தால் வலி குறைவாக இருக்கும்.

“தோளைத் தொங்கப் போடுங்கம்மா, இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்க” என்று நாங்கள் நச்சரிப்பதற்கும் காரணம் உண்டு. சாய்வுப் படத்தில் மார்புத் தசை முலைக்காம்பின் மட்டம் வரை இறங்கித் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் மார்பகத்தின் பின்பகுதி முழுவதும் படத்துக்குள் வந்திருக்கிறது என்று பொருள். பயத்தில் பின்வாங்கி நின்றால் விலா எலும்பையும் அக்குளையும் ஒட்டிய பகுதி வெட்டுப்பட்டுவிடும். அப்புறம் எவ்வளவு பெரிய டாக்டர் பார்த்தாலும் படத்தில் இல்லாததைப் படிக்க முடியாது.

பவுடர் போட்டுட்டு வந்தா என்ன? எதுக்குத் துடைக்கச் சொல்றீங்க?

எங்களுக்கு அன்றாடம் வரும் தலைவலி இது. முகத்துக்குப் போடும் பவுடரை அக்குளிலும் மார்புக்கு அடியிலும் தட்டிக்கொண்டு வருவார்கள். டால்கம் பவுடர், அலுமினியம் கலந்த டியோடரன்ட், துத்தநாகக் களிம்பு மூன்றும் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். ஆரம்பநிலைப் புற்றுநோய் சிலருக்கு அதே மாதிரிப் புள்ளிகளாகத்தான் தென்படும். சந்தேகம் வந்தால் துடைத்துவிட்டு மறுபடியும் எடுக்க வேண்டியதுதான்.

குளித்துவிட்டு, எதுவும் பூசாமல் வாருங்கள். நைட்டி வேண்டாம், சேலை, அல்லது மேலும் கீழும் தனித்தனியாக உள்ள உடை வசதி. தாலியைக் கழற்ற மனமில்லாவிட்டால் சொல்லுங்கள், முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டு எடுத்துவிடலாம்.

கால்சியம் இருக்குன்னு ரிப்போர்ட்ல வந்திருக்கு. கால்சியம் மாத்திரையை நிறுத்திடவா?

நிறுத்த வேண்டாம். மாத்திரைக்கும் பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வயது ஏற ஏறப் பலருக்கும் மார்பகத்தில் கால்சியம் படியும், பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. பழைய நார்க்கட்டிக்குள் கெட்டியாகப் படிந்தது, ரத்தக் குழாய்ச் சுவரில் இரண்டு கோடாக ஓடுவது, இதையெல்லாம் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிடுவார்.

அவரை நிறுத்திப் பார்க்க வைப்பவை, ஒரே இடத்தில் கூட்டமாக, ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தில் இருக்கும் மிக நுண்ணிய துகள்கள். பால் நாளத்தின் போக்கிலேயே கிளை விட்டு ஓடினால் சந்தேகம் இன்னும் கூடும். நாளத்தைத் தாண்டாத ஆரம்பப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடுகிறது. கைக்கு ஒன்றும் தட்டுப்படாது, ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. அதனால் அந்த இடத்தைப் பெரிதாக்கி எக்ஸ்ரே எடுப்பார்கள். தேவைப்பட்டால் மேமோகிராமின் துணையோடு ஊசி போட்டு, எடுத்த சதைத் துணுக்கையே எக்ஸ்ரே எடுத்து, துகள் அதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் குறி தப்பியிருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டும்.

‘டென்ஸ் பிரெஸ்ட்’னு எழுதியிருக்கே, அது என்ன வியாதி?

வியாதி இல்லை. மார்பகத்தில் கொழுப்பு எவ்வளவு, சுரப்பியும் நாரும் எவ்வளவு என்ற கணக்கு. ஏ, பி, சி, டி என்று நாலு வகையாகப் பிரிப்பார்கள். சி, டி இரண்டும் அடர்த்தியானவை. தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, படத்தில்தான் தெரியும். இளம் வயதில் அடர்த்தி அதிகம், மாதவிலக்கு நின்றபின் பொதுவாகக் குறையும்.

சிக்கல் என்னவென்றால், எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பி வெள்ளையாகத் தெரியும், புற்றுநோயும் வெள்ளைதான். உப்புக் குவியலில் கற்கண்டைத் தேடும் வேலை. நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய் மேலை நாடுகளைவிடச் சுமார் பத்து வருடம் முன்னதாகவே வருகிறது. அடர்த்தி குறையாத வயதிலேயே நம் பெண்கள் படம் எடுக்க வருகிறார்கள் என்பது இதனால்தான் கூடுதல் தலைவலி. 2005-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 49,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த டிமிஸ்ட் ஆய்வில், ஐம்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் அடர்த்தி அதிகம் உள்ளவர்களுக்கும் பழைய ஃபிலிமைவிட டிஜிட்டல் மேமோகிராம் நன்றாகக் காட்டியது. மார்பகத்தைப் பல கோணத்தில் எடுத்து அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் டோமோசிந்தசிஸ் இன்னும் ஒரு படி மேல்.

அடர்த்தி விவரத்தைப் பெண்களுக்கு எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் விதி இருக்கிறது. இங்கே ரிப்போர்ட்டின் முதல் ஒன்றிரண்டு வரியில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. சி அல்லது டி என்றிருந்தால் “ஸ்கேனும் எடுக்கணுமா டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள்.

கையில கட்டி தட்டுப்படுது. மேமோகிராம்ல ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கு. அப்போ பயமில்லைதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கட்டி கைக்குத் தெரிகிறது என்றால் ‘நார்மல்’ என்ற மேமோகிராமை வைத்து அதை மூடிவிடக் கூடாது. பரிசோதனை மேமோகிராம்கள் ஏறக்குறைய எட்டில் ஒரு புற்றுநோயைத் தவறவிடுவதாக அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே சொல்கிறது. முன்பு சொன்ன அடர்த்தி ஒரு காரணம். படத்துக்கு வெளியே நின்றுவிட்ட ஓரப்பகுதி இன்னொன்று. மூன்றாவது, லோபுலர் என்ற வகை. நாளத்தையோ சுரப்பியையோ தாண்டிச் சுற்றுத் திசுவுக்குள் பரவும் மார்பகப் புற்றுநோய்களில் 10 முதல் 15 சதவீதம் இது. இந்தச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிடியை இழந்தவை. அதனால் உருண்டு திரளாமல், வரிசையாக நீண்டு திசுவுக்குள் புகுந்துவிடும். படத்தில் கட்டி என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இருக்காது, திசு ஓரிடத்தில் லேசாகச் சுருங்கி இழுபட்டிருக்கும், அவ்வளவுதான்.

எனவே டாக்டர்கள் மூன்றைப் பார்ப்பார்கள்: கையால் தொட்டுப் பார்த்தது, படம், ஊசிப் பரிசோதனை. மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். கை ‘இருக்கிறது’ என்கிறது, படம் ‘இல்லை’ என்கிறது என்றால் அடுத்து அதே இடத்தில் ஸ்கேன், அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் ஊசி.

கட்டி இருப்பதை முதலிலேயே எங்களிடம் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் தோல்மேல் சின்ன உலோக மணியை ஒட்டி எடுப்போம், டாக்டருக்கு இடம் துல்லியமாகத் தெரியும். மெஷின் கண்டுபிடிக்கிறதா பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. அந்தச் சோதனையை மெஷினுக்கு வைக்க வேண்டாம்.

‘பைராட்ஸ் 4’னு போட்டிருக்கு. நாலாவது ஸ்டேஜா?

இல்லவே இல்லை. இதைப் பார்த்து வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதவர்கள் பலர். பைராட்ஸ் என்பது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வகுத்த குறியீடு, படத்தில் சந்தேகம் எவ்வளவு என்று சொல்வது. 0 முதல் 6 வரை போகும். 1, 2 என்றால் பயமில்லை. 4 என்றால் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அதற்குள்ளேயே வித்தியாசம் உண்டு: 4ஏ என்றால் புற்றுநோயாக இருக்க 2 முதல் 10 சதவீத வாய்ப்பு, 4பி 10 முதல் 50, 4சி 50 முதல் 95. வெறும் 4 என்று மட்டும் இருந்தால் எந்தப் பிரிவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 5 என்றால் சந்தேகம் 95 சதவீதத்துக்கு மேல். 6 என்பது ஊசியில் ஏற்கெனவே உறுதியானவர்களுக்குப் போடுவது.

ஸ்டேஜ் என்பது வேறு கணக்கு. கட்டியின் அளவு, அக்குள் நெறி, வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா என்பதையெல்லாம் வைத்து, புற்றுநோய் உறுதியான பிறகே சொல்வார்கள்.

எனக்கு ஜீரோன்னு வந்திருக்கு. ஒண்ணுமே இல்லை, அப்படித்தானே?

ஜீரோ என்றால் ‘இன்னும் முடிவு சொல்ல முடியவில்லை’. கூடுதல் படமோ ஸ்கேனோ பழைய ஃபிலிமோ வேண்டும். சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள், அதற்காகக் கலங்கவும் வேண்டாம். பிரிட்டனின் அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் நூறு பேருக்கு நான்கு பேரை மறுபடி கூப்பிடுகிறார்கள், அந்த நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது.

மூணுன்னு போட்டு ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்றாங்க. அதுக்குள்ள பரவிடாதா?

3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. நூறு பேருக்கு ஊசி குத்தி அதில் ஒருவரையோ இருவரையோ கண்டுபிடிப்பதைவிட, கொஞ்ச காலம் கவனித்து மாறுகிறதா என்று பார்ப்பது மேல் என்ற கணக்கு. வழக்கமாக 6, 12, 24 மாதங்களில் பார்ப்பார்கள். எங்கள் அனுபவத்தில் பிரச்சினை, ஆறு மாதம் கழித்து வராமலே போகிறவர்கள்தான். இடையில் கட்டி பெரிதானால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பழைய ஃபிலிம் எதுக்குக் கேட்கிறீங்க? புதுசாத்தான் எடுத்தாச்சே?

ஒரு வெள்ளைத் திட்டு ஐந்து வருடமாக அப்படியே இருக்கிறது என்றால் பெரும்பாலும் கவலையில்லை. போன தடவை இல்லாமல் இப்போது வந்திருந்தால் கதை வேறு. பழைய படம் இருந்தால் சில ஊசிகள் தேவைப்படாமலே போகும். சிடியாக இருந்தால் உத்தமம். காகிதத்தில் பிரின்ட் போட்டுத் தருவதில் நுண்துகள் தெரியாது. ஃபிலிமை நாலாக மடித்துப் பரணில் போட்டு வைக்காதீர்கள்.

எனக்கு 27 வயசு, பாப்பாவுக்குப் பால் கொடுக்கிறேன். பால் கட்டிதான், தானாக் கரையும்னு மாமியார் சொல்றாங்க.

பெரும்பாலும் மாமியார் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனாலும் ஓரிரு வாரத்தில் கரையாவிட்டால் காட்டிவிடுங்கள். முப்பதுக்குக் கீழே முதலில் ஸ்கேன்தான். பால் சுரக்கும்போது மார்பகம் மிக அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராம் அவ்வளவாக உதவாது. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தால் படம் கொஞ்சம் தெளிவாகக் கிடைக்கும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் வரும் புற்றுநோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இந்த ‘பால் கட்டிதான்’ ஒரு முக்கியக் காரணம்.

சிவந்து, சூடாக, வீங்கியிருந்தால் சீழ்த்தொற்று என்று மருந்து கொடுப்பார்கள். மருந்துக்கு அடங்காமல், தோல் தடித்து ஆரஞ்சுத் தோல் மாதிரிக் குழிகுழியாக ஆனால் தாமதிக்கக் கூடாது. கட்டியே தெரியாமல் இப்படி வீக்கமாக மட்டும் வரும் புற்றுநோய் ஒன்று உண்டு. இதற்கு நேர்மாறும் நடக்கும். மார்பகத்தில் வரும் காசநோயும், கிராநுலோமா எனப்படும் அழற்சியும் படத்தில் அச்சாகப் புற்றுநோய் மாதிரியே இருக்கும். நம் நாட்டில் இதை மறக்கவே முடியாது. படத்தை வைத்துப் பிரிக்கவும் முடியாது, ஊசிதான் சொல்லும்.

‘உருண்டையா, ஓரம் நல்லா இருக்கு’ன்னு எழுதியிருக்கு. அப்புறம் எதுக்கு ஊசி?

ஓரம் சீரான உருண்டைக் கட்டி பெரும்பாலும் சாதாரண நார்க்கட்டிதான். ஆனால் டிரிப்பிள் நெகட்டிவ் (ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமிகுதியும் இல்லாத) வகைப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 என்ற பரம்பரை மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வருவது, சளித்தன்மை உள்ள வகை ஆகியவை சில நேரம் இதே சாந்தமான முகத்தோடு வரும். நாற்பதுக்கு மேல் புதிதாக வந்த கட்டி, வளரும் கட்டி, குடும்பத்தில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தவர்களுக்கு வந்த கட்டி என்றால் டாக்டர் அழகை நம்பி விட்டுவிடமாட்டார்.

ஊசி குத்தினா பரவிடும்னு ஊர்ல சொல்றாங்களே?

பரவாது. இந்தப் பயத்தால் ஊசியே போடாமல் நேராகக் கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, அப்புறம் புற்றுநோய் என்று தெரிந்து மறுபடி பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவர்கள்தான் அவதிப்படுகிறார்கள். மெல்லிய ஊசியால் செல்லை மட்டும் உறிஞ்சும் எஃப்என்ஏசியைவிட, சதைத் துணுக்கையே எடுக்கும் கோர் பயாப்ஸி மேல். நாளத்தைத் தாண்டிவிட்டதா, ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 நிலை என்ன என்று சிகிச்சைக்குத் தேவையான எல்லாம் அதில் தெரியும்.

ஊசி ரிசல்ட்ல கேன்சர் இல்லைன்னு வந்துடுச்சு. முடிஞ்சுதா?

கட்டி பற்றிய பதிலில் மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்றேனே, அது இங்கேயும் பொருந்தும். படத்தில் 5 என்று இருக்கிறது, ஊசியில் சாதாரண திசு என்று வருகிறது என்றால், ஊசி கட்டிக்குப் பக்கத்தில் போயிருக்கலாம். ரேடியாலஜிஸ்ட் படத்தையும் ரிசல்ட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி ஊசி, அல்லது அந்த இடத்தை எடுத்துச் சோதிப்பது.

இதுக்கெல்லாம் நேரா எம்ஆர்ஐ எடுத்துடலாமே? அதுல எல்லாம் தெரியும்ல?

அதிகம் தெரியும் என்பதுதான் அதிலுள்ள வம்பு. நெதர்லாந்தில் மிக அடர்த்தியான மார்பகம் உள்ள, மேமோகிராம் நார்மலாக வந்த 40,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து டென்ஸ் என்ற ஆய்வு நடந்தது. 2019-இல் வந்த முடிவுப்படி, இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் தலைகாட்டும் புற்றுநோய் ஆயிரத்துக்கு 5 என்பதிலிருந்து, எம்ஆர்ஐக்கு அழைக்கப்பட்டவர்களிடம் 2.5 ஆகக் குறைந்தது. பெரிய பலன்தான். ஆனால் எம்ஆர்ஐ பார்த்து ஊசி குத்தப்பட்டவர்களில் சுமார் நாலில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இல்லை.

பிஆர்சிஏ மாற்றம் உள்ளவர்கள், அக்குளில் நெறி கட்டி மார்பகத்தில் ஒன்றும் தெரியாதவர்கள், லோபுலர் வகை உறுதியானவர்கள் போன்றோருக்கு எம்ஆர்ஐ மிகவும் உதவும். மாதவிலக்கு வந்த 7 முதல் 14 நாளுக்குள் எடுத்தால் சாதாரண திசுவே படத்தில் பளிச்சிட்டுக் குழப்புவது குறைவு. படம் எடுத்துக் காட்ட கான்ட்ராஸ்ட் என்ற மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடம்புச் சூட்டைப் படம் பிடித்துக் கண்டுபிடிப்பதாக முகாம் போடும் தெர்மோகிராபி மேமோகிராமுக்கு ஈடாகாது என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்டிஏ பலமுறை எச்சரித்திருக்கிறது.

கவர்ன்மென்ட்ல ஏன் எல்லாருக்கும் மேமோகிராம் எடுக்கிறதில்லை?

பிரிட்டனில் 50 வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள். இங்கே அத்தனை மெஷினும் படிக்க டாக்டர்களும் இல்லை. 30 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் பரிசோதிப்பதுதான் அரசின் முறை. ஏதோ ஒப்புக்குச் செய்வது என்று நினைக்காதீர்கள். மும்பை டாட்டா மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் தொடர்ந்து பார்த்து 2021-இல் வெளியிட்ட முடிவில், கைப்பரிசோதனை செய்த குழுவில் நோய் முன்கூட்டியே பிடிபட்டது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்களில் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை.

இப்போ ஏஐ வந்துடுச்சே, அது தவறவிடாதுல்ல?

ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த மசாய் ஆய்வில் ஏஐ துணையோடு படித்தபோது டாக்டர்களின் வாசிப்பு வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடிப்பு குறையவில்லை. 2023-இல் வந்த முடிவு அது. அங்கே வழக்கமாக ஒவ்வொரு படத்தையும் இரண்டு டாக்டர்கள் படிப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஒருவர்தான். எனவே நமக்கு இரண்டாவது கண்ணாக உதவலாம். ஆனால் படம் சரியாக எடுக்கப்படாவிட்டால் ஏஐக்கும் எதுவும் தெரியாது.

போன வருஷம் நார்மல்னு வந்துச்சு, இப்போ கேன்சர்ங்கிறாங்க. அப்போ போன வருஷம் கோட்டை விட்டுட்டாங்களா?

கோபம் வருவது நியாயம்தான். மூன்று விதமாக நடந்திருக்கலாம். போன வருடம் உண்மையிலேயே இல்லாமல் இருந்து, வேகமாக வளரும் வகை என்பதால் இடையில் வந்திருக்கலாம். அல்லது மிக மெல்லிய அறிகுறி இருந்து, இடம் தெரிந்த பிறகு திரும்பிப் பார்க்கும்போது மட்டும் கண்ணில் படலாம். அல்லது தெளிவாகவே இருந்து தவறவிடப்பட்டிருக்கலாம். இடம் தெரிந்தபின் பார்க்கும் யாருக்கும் எல்லாம் சுலபமாகத் தெரியும் என்பதால், இந்த மூன்றையும் பிரிப்பது டாக்டர்களுக்கே கஷ்டம்.

தெரிந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு படங்களின் சிடியையும் மார்பகப் படங்களையே அதிகம் பார்க்கும் வேறொரு ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்துக் கேளுங்கள். அந்தப் பதிலுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய சிடியையும் கோபத்தில் தூக்கி எறிந்துவிட வேண்டாம், கட்டி எவ்வளவு வேகமாக வளர்ந்திருக்கிறது என்று கணிக்கச் சிகிச்சை தரும் டாக்டர் அதைக் கேட்பார்.